பத்து வயதில் பஸ் ஏற்றாதீர்கள்

வன்னியில் ஒரு பிள்ளை நாலு வயதில் கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டால், ஏழு வயதில் தகப்பனின் நெல்லுக் கணக்கில் பிழை பிடித்துவிட்டால், வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள். "இவனை இஞ்ச வச்சிருந்து பழுதாக்காதேங்கோ. ஸ்கொலசிப்பைப் பாஸ் பண்ணவச்சு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுங்கோ." சொல்பவர் கிராம அலுவலராக இருக்கலாம், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவாக இருக்கலாம், அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கிற ரீச்சராகவே இருக்கலாம். மாறிச் சொல்பவரைக் காண்பது அரிது. முத்தையன்கட்டிலிருந்து அக்கராயன் வரை, நெடுங்கேணியிலிருந்து பூநகரி வரை, மீத்திறன் உள்ள பிள்ளைக்கு உகந்த பாடசாலை எது என்று கேட்டால், ஊரில் இருப்பது இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது.

இந்த நிச்சயம் அடியோடு பிழை என்கிறேன். பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காணி, வீடு, நகை, ஆட்கள் என்று 2009 வரை போரில் இழந்துகொண்டே வந்த சனம் இது. அந்த ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டும் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். படிப்பின் மேல் இந்தச் சனம் வைத்திருக்கும் பிடிவாதத்துக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். அந்தப் பிடிவாதம் முழுவதையும் ஒரே ஒரு பரீட்சையிலும் ஏ9 வீதியில் வடக்கே போகும் ஒரே ஒரு பஸ்ஸிலும் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறோமே, அதோடுதான் எனக்குச் சண்டை.

ஊரின் நம்பிக்கைக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது. பெயர்பெற்ற பாடசாலை அந்தப் பிள்ளையை ஆளாக்குகிறது. வன்னியில் அதற்கு ஒன்றும் இல்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பரீட்சை. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. ஒன்று நுண்ணறிவை அளப்பது, மற்றது பாட அறிவை அளப்பது. நுண்ணறிவு வினா என்பது பிள்ளை முன்பின் காணாத ஒன்றாக இருக்கும்வரைதான் நுண்ணறிவை அளக்கும். எங்கள் பிள்ளைகளோ தரம் 3 இலிருந்தே எண்கோலம், கண்ணாடி விம்பம், மடித்து வெட்டிய தாள், உறவுமுறைக் கணக்கு என்று கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாள் செய்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்கள் புத்தகமாகக் கட்டி விற்கப்படுகின்றன. இரண்டு வருடம் அதையே செய்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் யோசிப்பதில்லை. "இது இன்ன வகைக் கணக்கு" என்று இனங்கண்டு விடையைக் கீறிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. அங்கே அளக்கப்படுவது பயிற்சி. பயிற்சிக்குக் காசு வேண்டும், பின்னேரத்தில் கூட்டிக்கொண்டுபோய் வர ஆள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவு ஆய்வின்படி நாட்டில் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தவர்கள் 4.1 வீதம். கிளிநொச்சியில் அது 18.2 வீதம், முல்லைத்தீவில் 12.7 வீதம். அந்த ஆண்டு நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டமாக இருந்தது கிளிநொச்சிதான். தாய் கூலிவேலைக்குப் போய், மூத்த அக்கா சமைத்துப்போடும் ஒரு வீட்டின் கெட்டிக்காரப் பிள்ளையையும், பின்னேரமும் சனி ஞாயிறும் ரியூசனுக்குப் போகும் நடுத்தரமான பிள்ளையையும் ஒரே வெட்டுப்புள்ளியால் பிரித்துவிட்டு, மேலே நிற்பவன் மீத்திறன் உள்ளவன், கீழே நிற்பவன் இல்லாதவன் என்று எப்படிச் சொல்கிறோம்?

இது பரீட்சைத் திணைக்களத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல. பரீட்சைக்கு முந்திய நாட்களில் மேலதிக வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக்கூடாது, மாதிரி வினாத்தாள் விநியோகிக்கக்கூடாது என்று அது ஆண்டுதோறும் தடை போடுகிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இப்படியொரு தடை தேவைப்படுகிறது என்பதே போதிய ஒப்புதல் வாக்குமூலம். 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவதென்று முடிந்தது. பெறுபேறு மறுவருடம்தான் வந்தது. மூன்று வினாவுக்காக ஒரு நாடு முழுவதும் நீதிமன்ற வாசலில் நின்றது. பிள்ளையின் திறமையைப் பற்றிய கவலைக்கு அங்கே இடமே இருக்கவில்லை. ஒரு புள்ளி முன்பின் ஆனால் எந்தப் பாடசாலை கிடைக்கும், எது கைநழுவும் என்பதுதான் பேச்சாக இருந்தது.

சின்ன வயதிலேயே அளந்து பிரிக்கும் முயற்சியில் பெரிய நாடுகளும் சறுக்கியிருக்கின்றன. 1921இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டேர்மன் நுண்ணறிவுச் சோதனை வைத்து ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, அவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். பலர் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். நோபல் பரிசு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதே சோதனையில் புள்ளி போதாதென்று விடப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷொக்லியும் லூயி அல்வாரஸும், 1956இலும் 1968இலும் பௌதிகவியலுக்கு அந்தப் பரிசைப் பெற்றார்கள். ரியூசனும் மாதிரி வினாத்தாளும் கலக்காத, கவனமாகச் செய்த ஒரு சோதனையின் கதையே இப்படியென்றால், எங்கள் பரீட்சையைப் பற்றி என்ன சொல்ல? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியட்டும். முளையைப் பார்த்து வரம்புக்கு வெளியே பிடுங்கிப்போடும் கமக்காரன் எவனும் இல்லை.

இதில் அதிகம் நட்டப்படுவது தவறிப்போன பிள்ளை மட்டும் அல்ல. உண்மையிலேயே மீத்திறன் உள்ள பிள்ளையும்தான், அது பாஸ் பண்ணினாலும் நட்டம்தான். ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்ளும் பிள்ளை அது. அதற்குத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி ஆகவும் குறைவாக வேண்டும். நாங்களோ அந்தப் பிள்ளையிடம் ஊர் முழுவதன் நம்பிக்கையையும் ஏற்றிவைத்து, மற்றப் பிள்ளைகளைவிட இரட்டிப்பாகச் செய்யவைக்கிறோம். எட்டு வயதில் கதைப் புத்தகம் கதைப் புத்தகமாக விழுங்கவேண்டிய, குளத்து மீனுக்குப் பெயர் கேட்கவேண்டிய, வானொலியைக் கழற்றிப் பார்த்து ஏச்சு வாங்கவேண்டிய இரண்டு வருடங்கள் போய்விடுகின்றன. "ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை "இது பரீட்சைக்கு வருமோ?" என்று கேட்கப் பழகிவிடுகிறது. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் கலந்து படிப்பிக்கச் சொன்னது. ஆசிரியர் கைந்நூலில் அது இன்னும் இருக்கிறது. தரம் 4 வகுப்பறையில் தேடிப் பாருங்கள்.

இனி இரண்டாவது கூற்று. பெயர்பெற்ற பாடசாலையில் சேர்ந்தால் பிள்ளை மேலே போகும். ஆதாரம் கேட்டால் உயர்தரப் பெறுபேற்றைக் காட்டுவார்கள்: யாழ் இந்துவில் இத்தனை பேர் பொறியியலுக்கு, வேம்படியில் இத்தனை பேர் மருத்துவத்துக்கு. அந்தப் பாடசாலைகளின் பெருமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. நூறு வருடத்துக்கு மேலான உழைப்பு அது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மாகாணம் முழுவதிலும் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளை உள்ளே எடுத்தால், எட்டு வருடம் கழித்துக் கூடிய புள்ளி எடுத்தவர்கள்தானே வெளியே வருவார்கள்? அதில் பாடசாலை கூட்டியது எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்தது எவ்வளவு?

இதைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை மேலே எடுத்து உள்ளே போன பிள்ளையையும், மயிரிழை கீழே எடுத்து வெளியே நின்ற பிள்ளையையும் எடுத்துக்கொண்டு, சில வருடங்களுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது. இருவரின் திறமையும் ஏறத்தாழ ஒன்று. வேறுபாடு பாடசாலை மட்டும். பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் புகழ்பெற்ற அரச பாடசாலைகளை இப்படி ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். உள்ளே போனவருக்கும் வெளியே நின்றவருக்கும் பெறுபேற்றில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் கென்யாவின் தேசியப் பாடசாலைகளைப் பற்றி வந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. கென்யாவை ஏன் சொல்கிறேன் என்றால், அப்போது அங்கேயும் எங்களைப் போலவே ஆரம்பப் பாடசாலை முடிவில் ஒரு பரீட்சை, கிராமத்திலிருந்து தூரத்து விடுதிக்கு ஒரு பயணம், அதைச் சுற்றி ஒரு பெரிய நம்பிக்கை.

எதிராகவும் ஆய்வு உண்டு, மறைக்கத் தேவையில்லை. ருமேனியாவில் 2013இல் வெளியானது. மயிரிழையில் உள்ளே போனவர்கள் இறுதிப் பரீட்சையில் சற்றுக் கூட எடுத்தார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னும் இரண்டைக் கண்டது: பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போய்விட்டது என்றதும் பெற்றோர் வீட்டில் உதவுவது குறைந்தது, அந்தப் பிள்ளைகள் வகுப்பில் தங்களைப் பலவீனர்களாகவும் ஒதுக்கப்பட்டவர்களாகவும் உணர்ந்தார்கள். உளவியலாளர் ஹேர்பட் மார்ஷ் 1980களிலிருந்து பல நாடுகளில் காட்டிவருவதும் இதுதான். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர் மட்டும் கூடிய பாடசாலையில் படிக்கும் பிள்ளை தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கிறது. ஊரில் முதலாம் பிள்ளையாக இருந்தவன் முப்பத்தெட்டாம் பிள்ளையாகிறான். அறிவு குறைந்ததால் அல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் மாறியதால்.

வன்னிப் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியிலிருந்து அறுபத்தைந்துக்கு மேல். தினமும் போய்வருகிற பிள்ளை விடியமுன் எழும்பி, பின்னேர ரியூசனும் முடித்து, இருட்டில் வீடு வருகிறது. போய்வர முடியாததற்கு விடுதி, அல்லது சொந்தக்காரர் வீட்டின் ஓர் ஒதுக்கு அறை. அதுவும் சரிவராவிட்டால் தாய் யாழ்ப்பாணத்தில் வாடகை அறை எடுத்துப் பிள்ளையோடு இருக்க, தகப்பன் இங்கே தனியே வயலைப் பார்க்கிறார். போரில் தகப்பனை இழந்த வீடுகளில் தாய் போனால் மற்றப் பிள்ளைகளின் கதி? "நீ எவடம்?" என்ற கேள்விக்கு விசுவமடு, தருமபுரம் என்று பதில் சொன்ன பிறகு வகுப்பில் வரும் சிரிப்பு எப்படியிருக்கும் என்று, அங்கே படித்துவிட்டு வந்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். புலமைப்பரிசில் உதவிப்பணம் இருக்கிறதே என்பீர்கள். மாதம் 750 ரூபாயாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆனது. அந்தக் காசில் ஒரு மாதம் எதைச் சமாளிக்கலாம் என்று பஸ்ஸுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் எந்தத் தாய்க்கும் தெரியும்.

இவ்வளவும் பட்டு அங்கே போய்ச் சேர்ந்தால் கிடைப்பது என்ன? பாடசாலை விட்டதும் ரியூசன். நகரத்துப் பெறுபேற்றில் பெரும் பங்கு ரியூசன் கொட்டிலுக்கு உரியது என்று நகரத்துப் பெற்றோரே சொல்கிறார்கள். பெயர் பாடசாலைக்குப் போகிறது, பில் பெற்றோருக்கு வருகிறது.

மூன்றாவது கூற்றில்தான் உண்மை இருக்கிறது. அதனால்தான் அது வலிமையானது. வன்னிப் பாடசாலைகளில் குறை இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆசிரியர் தட்டுப்பாடு. கஷ்டப் பிரதேச சேவை முடிந்ததும் இடமாற்றம் கேட்டுப் போகிறவர்கள் போக, இருப்பவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள். கடைசி மணியடிக்க முன் அவர்களுக்கு பஸ் நினைவு வந்துவிடுகிறது. 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்த பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம், கணிதம் உள்ளவை 1ஏபி மட்டும். துணுக்காய்ப் பக்கத்து ஒரு சிறு கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கு அருகில் இருப்பது ஐந்தாம் தரத்தோடு முடியும் ஒரு வகை 3 பாடசாலையாக இருக்கலாம். "இந்தப் பாடசாலையில் ஒரு மீத்திறன் பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

சொல்கிறேன். அந்தக் கேள்வி பதினாறு வயதுக்கு உரியது; அதைப் பத்து வயதில் கேட்கிறோம். பௌதிகவியல் ஆய்வுகூடமும் இணைந்த கணித ஆசிரியரும் உயர்தரத்துக்கு இன்றியமையாதவை. அந்த வயதில் பிள்ளை ஊரை விட்டுப் போகவேண்டி வந்தால் போகட்டும். தன்னைப் பார்த்துக்கொள்ளும் வயது அது. போவதற்கும் முதலில் யாழ்ப்பாணம் அல்ல. கிளிநொச்சி மத்திய கல்லூரி, முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரி, வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம் எல்லாம் இந்த மண்ணில்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம். கலைத்துறை தவிர்ந்த கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வன்னியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாதை இல்லை என்பது வெறும் வாய்ப்பேச்சு.

இன்னும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் பொறியியல் படிக்கக் கிளிநொச்சிக்கு வருகிறார்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இருபது வயதுக்காரர் படிக்க வரும் ஊரிலிருந்து பத்து வயதுப் பிள்ளையைப் படிக்கவென்று வெளியே அனுப்புகிறோம்.

பத்து வயதில் மீத்திறன் உள்ள பிள்ளைக்கு உண்மையில் என்ன வேண்டும்? தன் வேகத்துக்கு ஈடான பாடம், கேள்வி கேட்டால் எரிந்து விழாத ஒரு பெரியவர், வாசிக்க நிறையப் புத்தகம், வயிறாரச் சாப்பாடு, போதிய நித்திரை. இந்தப் பட்டியலில் யாழ்ப்பாணத்தில் மட்டும் கிடைப்பது எது? மீத்திறன் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில் மிக உறுதியாக நிற்கும் முடிவு, அவர்களை முன்னே போக விடுவது நல்லது என்பதுதான். தரம் 4 பிள்ளை கணித பாடத்துக்கு மட்டும் தரம் 6 வகுப்பில் போய் இருப்பதற்குக் கட்டடம் தேவையில்லை, நிதி தேவையில்லை. அதிபரின் மனமும் நேரசூசியில் ஒரு மாற்றமும் போதும். முன்னைய தலைமுறையில் இரட்டை வகுப்பேற்றம் பெற்றவர்கள் ஊருக்கு ஓரிருவராவது இருப்பார்கள்.

குறையென்று நாங்கள் எண்ணும் சிறு பாடசாலையே சில வேளை இங்கே வரமாகிறது. பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் இரண்டு மூன்று தரங்களை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் படிப்பிக்கிறார். பலதரக் கற்பித்தல் என்று அதற்கு முறையே இருக்கிறது. தரம் 3 பிள்ளை தன் வேலையை முடித்துவிட்டுத் தரம் 5 பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வகுப்பறை நாற்பது பேர் வரிசையாக இருக்கும் நகரப் பாடசாலையில் கிடைக்காது. ஆசிரியர் அதை அறிந்து நடத்தவேண்டும், அவ்வளவுதான். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் எல்லாத் தரப் பாடநூல்களையும் தமிழில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி யாரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறது. தாயின் கைப்பேசியில் தரம் 8 கணிதப் புத்தகத்தைத் திறந்துகொடுக்க வெட்டுப்புள்ளி கேட்பவர் யார்?

"ஒன்றும் இல்லை" என்ற நிலை எப்படி வந்தது என்பதையும் கேட்கவேண்டும். ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கெட்டிக்காரர் ஐந்து பேர் போகிறார்கள். அவர்களைப் பார்த்து வசதியுள்ள இன்னும் பத்துப் பேர் போகிறார்கள். இப்போது அதுவும் முந்திவிட்டது: முதலாம் தரத்துக்கே நகரத்து முகவரி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வானில் அனுப்புகிறார்கள். தொகை குறைய ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைய மிச்சப் பிள்ளைகளின் பெறுபேறு குறைகிறது. அதைக் காட்டி அடுத்த வருடம் இன்னும் பத்துப் பேர். போகிறவர்களோடு பெற்றோரும் போய்விடுகிறார்கள் என்பது இன்னும் பெரிய இழப்பு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று "தவணை முடியப் போகுது, ஆங்கில ஆசிரியர் எங்க?" என்று கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தான். மிஞ்சுபவர்கள் நாட்கூலிக்குப் போகிறவர்கள். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. இப்படியே விட்டு, கடைசியில் பிள்ளைகள் போதாதென்று பாடசாலையை மூடும்போது "கிராமத்துப் பாடசாலை எடுபடாது" என்று தீர்ப்புச் சொல்கிறோம். அந்தத் தீர்ப்புக்கான சாட்சியத்தைத் தயாரித்தவர்கள் நாங்களே.

புலமைப்பரிசிலைத் தொடக்கியவரின் நோக்கம் இது அல்ல. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை. நகரத்துக் கல்லூரிகளின் தரத்தில் கிராமப்புறங்களில் 54 மத்திய பாடசாலைகளை எழுப்பினார். கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளை அந்த மத்திய பாடசாலையில் படிப்பதற்காகத்தான் புலமைப்பரிசில். நல்ல பாடசாலை பிள்ளை இருக்கும் பக்கத்துக்கு வந்தது. இன்று பரீட்சை இருக்கிறது. பயணத்தின் திசை மாறிவிட்டது. நகரங்களுக்கு ஆள் பொறுக்கிக் கொடுக்கும் வேலையை அது செய்கிறது. 2015க்குப் பிறகு வந்த அரசு "அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று நாடு முழுக்க ஒரு திட்டம் நடத்திக் கட்டடங்களைக் கட்டியது. அதே அரசின் பரீட்சை, ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பாடசாலையிலிருந்து தப்பிப்பது எப்படி என்று போட்டி வைத்துக்கொண்டிருந்தது. கட்டடத்தில் எழுதிய வாசகத்தையா, கையில் வரும் பெறுபேற்றையா பெற்றோர் நம்புவார்கள்?

"சீர்திருத்தம் வருமட்டும் என்ர பிள்ளை காத்துக்கொண்டிருக்க ஏலுமோ? நீங்கள் எழுதிப்போட்டுப் போயிடுவியள்" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயம். ஒரு பிள்ளைக்குத் தரம் 4 ஒரு தரம்தான் வரும். ஆகவே இன்று, இருக்கிற நிலையில் செய்யக்கூடியதையே சொல்கிறேன். பரீட்சை எழுதட்டும், ரியூசன் இல்லாமல், வகுப்பில் படித்ததைக் கொண்டு எழுதட்டும். கூடிய புள்ளி வந்தால் சந்தோசம், உதவிப்பணத்தை வாங்குங்கள், பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். குறைந்த புள்ளி வந்தால் அதைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டாதீர்கள். சித்தியடைந்தவர்களின் படம் போட்ட பதாகையைப் பாடசாலை வாசலில் கட்டவேண்டாம் என்று அதிபரிடம் சொல்லுங்கள். படம் இல்லாத பிள்ளைகளும் தினமும் அந்த வாசலால்தான் போகவேண்டும். பாடசாலை தேடுகிற பெற்றோர் வெட்டுப்புள்ளிப் பட்டியலைப் பார்ப்பதை விட்டு, அங்கே ஒரு காலைநேரம் போய் இருந்து பாருங்கள். முதலாம் தர ஆசிரியர் பிள்ளையின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார்? நூலகம் திறந்திருக்கிறதா? வேலையை முதலில் முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுக்கிறார்கள், சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறார்களா? மீத்திறன் பிள்ளைக்கு உகந்த பாடசாலையை இந்த மூன்றும் காட்டிவிடும்.

இதையெல்லாம் கேட்டும் ஆரம்பப் பிரிவிலேயே ஆசிரியர் இல்லாத, வகுப்பே நடக்காத பாடசாலையாக இருந்தால்? அப்போது மாற்றுங்கள், பக்கத்து ஊருக்கு, பின்னேரம் வீட்டுக்கு வந்து சேரக்கூடிய தூரத்துக்கு. பிள்ளையை நாசமாக்கிக்கொண்டு கொள்கை பேச நான் வரவில்லை. ஆனால் அந்த மாற்றத்தை வெற்றியாகக் கொண்டாடாதீர்கள். அது ஒரு நிர்வாகத்தின் தோல்வி, அதற்குப் பொறுப்பான ஆட்கள் பெயரோடும் பதவியோடும் இருக்கிறார்கள்.

அவர்களிடம்தான் இந்தக் கட்டுரையின் மீதிக் கேள்விகள் போகவேண்டும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக, சனம் வாக்களித்துத் தெரிந்தெடுத்த மாகாணக் கல்வி அமைச்சர் ஒருவர் இல்லாமலே நிர்வாகம் ஓடியது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பெற்றோர்தான் கேட்கவேண்டும். வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கேளுங்கள்: தினமும் வந்துபோகும் ஆசிரியருக்கு ஊரில் தங்க விடுதி எங்கே? கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் இருத்த அதிபருக்கு எழுத்தில் அனுமதி கொடுப்பீர்களா? அறிவியல் நகரின் பொறியியல் மாணவர்களைச் சனிக்கிழமையில் அயல் பாடசாலைகளுக்குக் கூட்டிவந்து பிள்ளைகளோடு கணிதம் செய்யவைக்கப் பல்கலைக்கழகத்தோடு பேசினீர்களா? வன்னியில் பதவி வகித்துக்கொண்டு தன் பிள்ளையை வேறு மாவட்டத்தில் படிப்பிக்கும் அதிகாரியிடம், அதற்குக் காரணம் என்ன என்று மரியாதையாகவே கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் ஒவ்வொன்றும் அவருடைய மேசையில் தீர்க்கவேண்டிய கோப்பு. அந்தக் கோப்புகள் தீரும்வரை, பத்து வயதுப் பிள்ளையின் தோளில் புத்தகப் பையோடு நிர்வாகத்தின் பிழையையும் சேர்த்து ஏற்றி அனுப்புவதை, தயவுசெய்து, முன்னேற்றம் என்று சொல்லவேண்டாம்.